முழு அட்டை

ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துக்கிடுங்க சார். எனக்குக் காத்து பட்டா காது வலிக்கும். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யணும். பஸ்ஸு ஜங்ஷனத் தாண்டுனா ஆத்துப் பாலம் வரும்லா, அந்தப் பாலத்துல மட்டும் ஒரு நிமிஷம் இடத்த மாத்திக் குடுத்திருங்க. சின்னதா ஒரு சாமான் ஆத்துல போட வேண்டியிருக்கு. பூஜைச் சாமான்தான். இல்ல, உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்ல? பூஜைச் சாமான் இல்ல. பாலம் வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல கெடக்கு. அதுக்குள்ள சொல்லுதேன்.

துண்டு ஈரமா இருக்கே, குத்தாலத்துல குளிச்சிட்டுத் திரும்புதியளா? தூத்துக்குடியா. ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்க எறங்கிப் போயிருவிய, நானும் எறங்கிப் போயிருவேன், இனிமே பாக்கப் போறதில்ல. என் மேல ஒரு கேஸு நடக்கு, எங்க ஊருக்காரங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. ஒரு வருஷமாத் தொறக்கல. ஒரு மனுசன் ஒரு வருஷம் பேசாம இருந்தா என்னத்துக்கு ஆவான், சொல்லுங்க.

எனக்குப் பாவூர்சத்திரத்துல மருந்துக்கடை சார். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஊர்ல ஒருத்தனுக்கு ஒடம்புக்கு முடியலன்னா டாக்டரப் பாக்கதுக்கு முன்ன என்னையத்தான் பாப்பான். நெஞ்செரிச்சலா, காய்ச்சலா, பிள்ளைக்கு வயித்தால போவுதா, மொகத்தப் பாத்தே சொல்லிருவேன். லைசென்சா? இருக்கு, இருக்கு. நாகர்கோவில்ல படிச்ச பையன் ஒருத்தன், அவன் சர்ட்டிபிகேட்டக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். வருஷத்துக்கு ஒருக்கா வந்து கையெழுத்துப் போட்டுட்டு, பரோட்டா சாப்ட்டுட்டுப் போவான். படிச்சவனுக்குப் புஸ்தகம் தெரியும். எனக்கு ஆளுகளத் தெரியும்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு, அதச் சொன்னாத்தான் உங்களுக்குக் கேஸு வெளங்கும். பத்து மாத்திரை உள்ள அட்டைய யாரும் முழுசா வாங்க மாட்டாவ. நாலு குடுங்க, ஆறு குடுங்கம்பாவ. கத்திரி வச்சு நறுக்கிக் குடுக்கணும். அட்டையில ஒரு ஓரத்துல பேட்ச் நம்பரு, எக்ஸ்பயரி தேதி எல்லாம் அடிச்சிருக்கும். அந்த ஓரம் கடைசி மட்டும் கடையிலதான் கெடக்கணும், அதனால எதிர் ஓரத்துலேருந்து நறுக்கிட்டு வரணும். என் கத்திரி தன்னால அப்படித்தான் திரும்பும். வாங்கிட்டுப் போற ஆளு கையில வெறும் வெள்ளித்தாள்தான் இருக்கும். பேரு பாதி இருந்தாலும் உண்டு, இல்லன்னாலும் உண்டு. அத ஒரு கவர்ல போட்டு, மேல பேனாவால காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துருவேன்.

பில்லா? எங்க ஊர்ல பில்லு கேட்டா, ஒன்னைய நம்பலன்னு மொகத்துல அடிச்ச மாதிரி. கேக்கவே மாட்டாவ. முழு அட்டை வாங்கிட்டுப் போனவன இந்த முப்பத்தோரு வருஷத்துல விரல் விட்டு எண்ணிரலாம்.

போன வருஷம் இதே சீசன் சமயம். பாக்கியசெல்வின்னு ஒரு பிள்ளை, எங்க தெருவுக்குப் பின் தெரு. டெய்லரு. கல்யாணச் சீசன்ல ராவும் பகலும் மிஷின் ஓடும். என் வீட்டுக்காரிக்கு ஜாக்கெட்டெல்லாம் அவதான் தைப்பா. நல்ல பிள்ளைதான், அதுல ஒண்ணும் கொற சொல்ல மாட்டேன். கன்னத்தப் பொத்திக்கிட்டு வந்து நிக்கா. கரண்டு அடிச்ச மாதிரி சுண்டி இழுக்கு அண்ணாச்சி, பல்லு விளக்க முடியல, பேச முடியலன்னு அழுதா. நரம்பு வலி சார். பாத்த ஒடனே தெரிஞ்சிட்டு. அதுக்குன்னே ஒரு மாத்திரை உண்டு. வலிப்புக்கும் அதான், இந்த நரம்பு இழுப்புக்கும் அதான்.

டாக்டர் சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாத மாத்திரைதான். அத நான் இல்லைங்கல. ஆனா டாக்டர்கிட்டப் போனாலும் அவரு இதத்தான எழுதப் போறாரு? ரத்தத்தப் பாரு, பதினஞ்சு நாள் கழிச்சு வா, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுன்னு அலைய விட்டுட்டு, கடைசியில என் கடைக்குத்தான் சீட்டு வரும். அந்தப் பிள்ளை வலியில துடிக்கா. நான் கத்திரிய எடுத்தேன். நறுக்கிக் குடுத்தேன். மூணாம் நாள் மேக்கொண்டு மாத்திரை வாங்கச் சிரிச்ச மொகமா வந்து நின்னா பாருங்க. என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அதெல்லாம் கேஸு கட்டுல எழுத மாட்டாவ.

பன்னெண்டாம் நாள் மறுபடி வந்தா. வாயெல்லாம் புண்ணு, கண்ணு ரெண்டும் செவப்பு, லேசாக் காய்ச்சல். சூடு. வேற என்ன? நாள் பூராவும் மிஷின்ல குனிஞ்சே கெடந்தா சூடு ஏறாம என்ன செய்யும்? சத்து மாத்திரை குடுத்து, இளநீ குடி, மோர் குடின்னு சொல்லி அனுப்புனேன். அப்போ வாசல்ல எறங்குனவ திரும்பி நின்னு, அந்த நரம்பு மாத்திரைய நிறுத்திரட்டுமா அண்ணாச்சின்னு கேட்டா. பாதியில நிறுத்தக் கூடாதும்மான்னு சொன்னேன். நான் சொன்னதக் கேக்கிற பிள்ளை, கேட்டுட்டா.

கொஞ்சம் பொறுங்க, போன் அடிக்கி. வீட்டுலேருந்துதான்.

சொல்லு வடிவு. ஆலங்குளம் தாண்டியாச்சு. என்ன, இன்னும் இட்லி சாப்பிடலையா? விழுங்க முடியலன்னா கஞ்சியா ஆத்திக் குடி. கண்ணு எரியுதா? நேத்து பூரா அழுதுக்கிட்டே கெடந்த, எரியாம என்ன செய்யும்? ஒண்ணுமில்ல, சூடுதான். பாரு, காலை மாத்திரையச் சாப்ட்டியா? அந்த டப்பாவுல உள்ளதுதான். மறக்காமச் சாப்பிடு. பாதியில நிறுத்தக் கூடாது. வையி.

என் வீட்டுக்காரி சார். கேஸு, கோர்ட்டுன்னு ஒரே கவலை அவளுக்கு. ரெண்டு நாளாக் காய்ச்சல் மாதிரி கெடக்கா. காலையில எனக்கு ஒரு காப்பி போட்டுத் தரல, நானே பால் காய்ச்சிக் குடிச்சிட்டு வந்தேன். பெரிசா ஒண்ணுமில்ல. எங்க விட்டேன்?

ஆமா. பதினாலாம் நாள். அவ புருஷன் சித்திரைக்கனி கடைக்கு ஓடி வாரான். செருப்புகூட இல்ல கால்ல. கையில நான் குடுத்த கவரு. அண்ணாச்சி, தோலு உரியுது, போர்வை பட்டாலே எரியுதுங்கா, தொடவே விட மாட்டேங்கான்னு கத்துதான். ஆஸ்பத்திரியில சேத்திருக்கானாம். டாக்டரு, என்ன மாத்திரை சாப்ட்டாங்க, பேரு தெரிஞ்சாத்தான் எதையும் செய்ய முடியும்னு சொல்லி அனுப்பியிருக்காரு. கவருக்குள்ள ரெண்டு மாத்திரை மிச்சம், மேல வெறும் வெள்ளித்தாள். பேரு இல்ல. பேரச் சொல்லுங்க அண்ணாச்சி, இல்ல அந்த அட்டையோட மிச்சத்தக் குடுங்கன்னு நிக்கான்.

கடையில எட்டு பேரு நிக்காவ சார். எட்டு பேரும் என் வாயையே பாக்காவ. டீக்கடைக்காரன் கிளாஸக் கையில வச்சுக்கிட்டே வந்து எட்டிப் பாக்கான். அட்டையோட மிச்சம் என் கைக்கு நேரா, மேசை டிராயர்ல கெடக்கு. எடுத்துக் குடுத்தா என்ன ஆவும்? சீட்டு இல்லாமக் குடுத்திருக்கான்னு ஆவும். முப்பத்தோரு வருஷம் அந்த நிமிஷத்தோட போச்சு. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பிய? நான் சொன்னேன், அது காய்ச்சல் மாத்திரைதான் சித்திரை, வேற ஒண்ணுமில்லன்னு.

அவன் நம்பிட்டான். அவ்வளவு நம்பிக்கை என் மேல. நேரா ஓடிப்போய் டாக்டர்கிட்ட அதையே சொல்லியிருக்கான். அம்மையா இருக்கும்னு அவங்க அந்தப் பக்கமா வைத்தியத்தத் திருப்பிட்டாவ. அதோட விட்டானா? காய்ச்சல் மாத்திரைதானன்னு மிச்சம் இருந்த ரெண்டையும் ஆஸ்பத்திரியிலயே வச்சு அவளுக்குக் குடுத்திருக்கான். இதுக்கு நான் பொறுப்பா? நான் குடுக்கச் சொன்னனா? ஆஸ்பத்திரின்னா நர்சுல்லா குடுக்கணும்.

மூணு நாள் கழிச்சு மதுரைக்குக் கொண்டு போயிருக்காவ. அங்க ஒரு டாக்டரம்மா, மொதல்ல கன்னத்துல வலி இருந்துச்சான்னு கேட்டு ஒடனே கண்டுபிடிச்சுட்டா. ஆயிரத்துல ஒருத்தருக்கு அந்த மாத்திரை ஒத்துக்கிடாதாம். உள்ளேருந்து எரிச்சுக்கிட்டு வருமாம். மொதல்ல வாயி, கண்ணு, அப்புறம் தோலு. வாயில புண்ணு வந்த அன்னைக்கே நிறுத்தியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது, மூணு நாள் முன்ன பேராவது தெரிஞ்சிருந்தா கண்ணாவது தப்பிச்சிருக்கும்னு சொல்லியிருக்கா. இதெல்லாம் அவங்க மனுவுல எழுதியிருக்கு. உயிரு பொழைச்சிட்டு சார். நல்லவேளை. கண்ணு ரெண்டும் போச்சு.

ஆயிரத்துல ஒருத்தருக்கு. நீங்களே சொல்லுங்க, அந்த ஒருத்தி பாக்கியசெல்வின்னு அவ நெத்தியில எழுதியா வச்சிருக்கு? அவ ஒடம்பு அப்படி. அதுக்கு மாத்திரை என்ன செய்யும், நான் என்ன செய்வேன்?

கேஸுல எதிராளி ரெண்டு பேரு. மொதல்ல மாத்திரை செஞ்ச கம்பெனி, ரெண்டாவது நான். இப்படி ஆவும்னு எச்சரிக்கை பண்ணலன்னு கம்பெனி மேல. சீட்டு இல்லாமக் குடுத்துட்டுப் பேர மறைச்சிட்டான்னு என் மேல. கம்பெனி என்ன சொல்லுதான்? பேட்ச் நம்பரக் காட்டு, இல்லன்னா அது எங்க மாத்திரைன்னே ஒத்துக்கிட மாட்டோம்ங்கான். அதோட, கடைக்காரங்களுக்கெல்லாம் எச்சரிக்கை பண்ணிக் காயிதம் அனுப்பிட்டோம்ங்கான். அனுப்புனான்தான். பொடி எழுத்துல, இங்கிலீஷ்ல. அத யாரு உக்காந்து படிக்கா? எங்க கடையில அது டிராயருக்கு அடியில விரிச்சுக் கெடந்துச்சு.

என் வக்கீல் கெட்டிக்காரரு. ஒரே ஒரு சொல்லுதான் உமக்குன்னு சொல்லிட்டாரு. அந்த மாத்திரைய நான் விக்கவே இல்ல. அவ்வளவுதான். கவரு இருக்கு, கவர்ல என் கையெழுத்து இருக்கு, ஆனா கவருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எவன் கண்டான்? கேஸு முடியுத வரைக்கும் அந்த மாத்திரை பேரு உம்ம வாயிலேருந்து வரக் கூடாது, தூக்கத்துலகூட உளறக் கூடாதுன்னாரு. வரல சார். பாத்தியளா, உங்ககிட்டயே இவ்வளவு சொல்லியிருக்கேன், பேரச் சொன்னனா? பழகிட்டு.

இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டுக் கூண்டுக்கு என்னையக் கூப்பிடுவாவ. விக்கலன்னு சொல்லிட்டு எறங்கிட்டா என் வேலை முடிஞ்சுது.

ஆனா ஒண்ணு சார். அவ ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாரா. கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, சித்திரைக்கனி கையப் பிடிச்சுக்கிட்டு, மொத பெஞ்சுல வந்து உக்காருவா. ஒரு வார்த்த பேச மாட்டா. ஏசுனாக் கூடப் பரவால்ல. நான் வக்கீல்கிட்ட குசுகுசுன்னு பேசுனாலும் என் பக்கம் மொகத்தத் திருப்புவா. நான் எந்திரிச்சு அந்த ஓரமாப் போனாலும், அந்த ஓரத்துக்குத் திரும்பும் மொகம். காலடிச் சத்தத்த வச்சுக் கண்டுபிடிக்கா போல. போன தடவ செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நடந்து பாத்தேன். அப்பவும் திரும்புனா.

அத விடுங்க. பையில என்ன இருக்குன்னுதான கேட்டிய. நீங்க கேக்கல, சரி, நானே சொல்லுதேன். சித்திரைக்கனி வந்துட்டுப் போன அன்னைக்கே கடையில இருந்த அந்த மாத்திரையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். நறுக்குன மிச்சத்த அடுப்புல போட்டுட்டேன். முழு அட்டை அஞ்சு இருந்துச்சு. அதப் போட மனசு வரல. தேதி இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல கெடக்கு. ஒரு மாத்திரைய வீணாக்குனவன் இல்ல சார் நான். மேல சாமான் போடுத பரண்ல வச்சிருந்தேன். அப்புறம் போன வாரம் வக்கீல், மருந்து இன்ஸ்பெக்டர் வீட்டுக்கும் வரலாம்னு சொன்னாரு. மிச்சம் இருக்கத இன்னைக்கு ஆத்தோட விட்டுருவோம்னு எடுத்துட்டு வந்தேன்.

மிச்சம்னா, ஆமா. ரெண்டு அட்டைதான் மிச்சம். மூணு செலவாயிட்டு.

இதுதான் சார் நான் யாருகிட்டயும் சொல்லாதது. கோர்ட்டுல சொல்ல முடியாது. ஆனா சொன்னாத்தான் என்னைய நம்புவாவ. சித்திரைக்கனி எங்க கடை வாசல்ல நின்னு, விஷத்தக் குடுத்துட்டான், விஷத்தக் குடுத்துட்டான்னு மண்ண வாரித் தூத்துனான். அது நெஞ்சுல அப்படியே நின்னு போச்சு. கெட்ட மாத்திரைன்னா, விஷம்னா, நான் என் பொண்டாட்டிக்குக் குடுப்பனா? சொல்லுங்க, குடுப்பனா?

வடிவுக்கும் அதே வலிதான். ஆனி கடைசியில ஆரம்பிச்சுது. கன்னத்துல கை வச்சா அலறுதா. தென்காசியில நல்ல டாக்டர் இருக்காராம், கூட்டிட்டுப் போங்கன்னா. மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டி டாக்டரத் தேடிப் போனா ஊரு என்ன பேசும்? அதுவும் கேஸு நடக்கும்போது. பரண்ல கெடந்தத எறக்குனேன். அட்டையப் பாத்தா பேரப் படிச்சிருவா, ஊரெல்லாம் பேசுன பேரு, பயந்துக்கிடுவா. அதனால மூணு அட்டைய உதுத்து, சத்து மாத்திரை டப்பா ஒண்ணுல போட்டுக் குடுத்தேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணாம் நாளே வலி போயிட்டு சார். சிரிச்சிட்டா. அப்போ எனக்கு நெஞ்சுல இருந்த பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. பாத்தியா சித்திரைக்கனி, விஷமாடான்னு அவன நேருல நிறுத்திக் கேக்கணும் போல இருந்துச்சு.

எத்தன நாளாச்சா? இருங்க. ஆடிப் பொறந்து ரெண்டாம் நாள் ஆரம்பிச்சேன். இன்னைக்கு... பதினொண்ணு. இல்ல, பன்னெண்டு.

ஏன் சார் அப்படிப் பாக்கிய?

சூடு சார் அது. ஆடிக் காத்து, கேஸுக் கவலை. எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷம்.

வக்கீல் கூப்பிடுதாரு. ஆமா சார், பேட்டை வந்துட்டு, இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவேன். தெரியும் சார். விக்கல. அந்த ஒரு சொல்லுதான். வச்சிருதேன், வேற கால் வருது.

யாரு? எதுத்த வீட்டு டீச்சரா? சொல்லும்மா. வடிவு எங்க? ஆட்டோவுல கூட்டிட்டுப் போயாச்சா? எதுக்கு ஆஸ்பத்திரிக்கு, நான் இளநீ குடிக்கச் சொன்னேனே. என்னது? மெதுவாச் சொல்லு, பஸ்ஸுல எரைச்சலா இருக்கு. போர்வை பட்டாலே... சரி. சரி. கழுத்துலயுமா. நர்சு என்ன கேக்காவ? என்ன மாத்திரை சாப்ட்டாளா? ஒண்ணுமில்லம்மா, காய்ச்சல் மாத்திரைதான்னு சொல்லு. வேற ஒண்ணும் சாப்பிடல. காய்ச்சல் மாத்திரைதான். நான் கோர்ட்டு முடிஞ்சு மத்தியானம் வந்துருவேன்.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சார். தன்னால வந்துட்டு. வாய் பழகிப் போச்சு. நான் யோசிச்சுச் சொல்லல.

பதினோரு மணிக்குக் கூப்பிடுவாவ. பதினோரு மணி, பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சிரும். ஒடனே ஒரு டாக்சி பிடிச்சா ஒரு மணி நேரம். நானே நேருல போய் டாக்டர் காதுல மட்டும் சொல்லிட்டா போதும். மூணு மணி நேரம்தான். மூணு மணி நேரத்துல என்ன ஆயிரப் போவுது? பாக்கியசெல்விக்கு மூணு நாள்ல்லா ஆச்சு. மூணு நாளும் மூணு மணி நேரமும் ஒண்ணா?

அந்த டப்பா. டீச்சரு சொன்னா, டப்பாவ எடுத்துட்டுத்தான் வந்தாளாம் வடிவு. அவரு பாதியில நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாருன்னு மடியில வச்சிருக்காளாம். டப்பாவுல சத்து மாத்திரைன்னு ஒட்டியிருக்கு சார். ஆஸ்பத்திரியில யாரும் அதப் பிடுங்க மாட்டாவ. அவ நான் சொன்னதக் கேப்பா. ராத்திரி ஆனா இன்னொண்ணு எடுத்து வாயில போட்டுக்கிடுவா.

எனக்குப் பயமா இருக்கு சார். சித்திரைக்கனி அன்னைக்குச் செருப்பில்லாம நின்னான்லா, அவன் கால்ல ரத்தம் வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் அதப் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் சொன்னேன்.

டீச்சருக்குப் போடுதேன். போவுது. எடுக்க மாட்டேங்கா. வக்கீல் குறுக்கால வாரான். சவம், இவன் வேற. கட் பண்ணுனா மறுபடி வாரான். விட மாட்டேங்கான் சார், இந்தப் போன வச்சு ஒண்ணும் செய்ய முடியாது.

உங்க போன எடுங்க சார். டீச்சர் நம்பர் சொல்லுதேன். தொண்ணூத்தி நாலு, நாப்பத்திமூணு, பதினெட்டு, அறுவது, நாப்பத்தேழு. இந்தாங்க, இத வாங்கிக்கிடுங்க. பிரிங்க, பேப்பரக் கிழிச்சே போடுங்க. ரெண்டும் முழு அட்டை. நறுக்கல. அந்தப் பேர எனக்குச் சொல்ல வர மாட்டேங்கு சார். வாயத் தொறந்தாக் காய்ச்சல் மாத்திரைன்னுதான் வருது. நீங்க படிங்க. நடுவுல பெரிசா இருக்கு பாருங்க, அதான் பேரு. எழுத்து எழுத்தாச் சொல்லுங்க. ஓரத்துல பேட்ச் நம்பர் இருக்கு, அதையும் சொல்லிருங்க.

யாரு சொன்னான்னு கேட்டா, அவ புருஷன் சொன்னான்னு சொல்லுங்க. புருஷன்தான் குடுத்தான்னு சொல்லுங்க. பன்னெண்டு நாளா, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பாக்கியசெல்விக்கும் அவன்தான் குடுத்தான், இதே மாத்திரைதான்னு சொல்லுங்க. அது தெரிஞ்சா ஒடனே புரிஞ்சிக்கிடுவாவ. மொதல்ல அந்த டப்பாவப் பிடுங்கச் சொல்லுங்க. அத மொதல்ல சொல்லுங்க.

ரிங் போவுதா?

பாலம் வந்துட்டா? ஜன்னல் வேண்டாம் சார், எனக்கு எதுக்கு ஜன்னல்? நீங்க எந்திரிக்காதீங்க. எடுத்தாளா? நம்பர் சரியாப் போட்டியளா? கடைசி நாலு அறுவது நாப்பத்தேழு. ஆஸ்பத்திரியில உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாவ, பைக்குள்ள கெடக்கும் போனு, கேட்டிருக்காது.

இன்னொரு தடவ போடுங்க சார்.